வளைந்து வந்த கோடு

நாலாவது ரோலிலும் கோடு இருந்தது. இசக்கிமுத்து மெஷினை நிறுத்திவிட்டு, டியூப்லைட் எரியும் கண்ணாடிப் பலகைமேல் விரிந்து கிடந்த வெள்ளைத் துணியை இன்னொரு தரம் உற்றுப் பார்த்தார். சந்தேகமே இல்லை. ஓரமெல்லாம் மின்னிக்கொண்டு, வளைந்து வளைந்து துணியின் குறுக்கே ஊர்ந்தது அது.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்த அந்த பனியன் கம்பெனிக்கு வரும் துணியெல்லாம் இசக்கிமுத்துவின் கண்ணைத் தாண்டித்தான் கட்டிங்குக்குப் போகும். விளாத்திகுளத்திலிருந்து வந்த நாள் முதல் அவருக்குச் செக்கிங்தான் வேலை. அவர் ஆகாது என்றால் ஆகாது. முதலாளி ஈஸ்வரமூர்த்தி வந்து குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

“நமக்குப் பார்வை மங்கிப்போச்சாட்ட இருக்குது. நீங்க சொன்னாச் செரிதானுங்க” என்று, நூலைத் துணியாக ஓட்டிக் கொடுத்த நிட்டிங்காரர் நல்லானை வரச் சொன்னார்.

துணி திரும்பினால் எந்த நிட்டிங்காரரும் சண்டைக்கு வருவார். நல்லான் மட்டும் கொஞ்ச நேரம் துணியைப் பார்த்தார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார், எடுத்துக்கொள்கிறேன் என்று ரோல்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மெஷினில் ஊசி பூராவும் மாற்றி, புதுத் துணி ஓட்டி அனுப்புவதாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் இசக்கிமுத்துவுக்கு வலது கண்ணுக்கு மேலே சம்மட்டி அடித்தது. மூக்கு அடைத்தது, ஒழுகவும் செய்தது. குனிந்தால் உயிர் போயிற்று.

“சைனஸ்தான். மூக்கு ஒழுகுதுல்லா, வேற என்ன வேணும்?” என்றாள் மனைவி நாகஜோதி.

கொதிக்கிற தண்ணீரில் நீலகிரித் தைலத்தைத் தாராளமாக ஊற்றி, போர்வையைப் போர்த்தி ஆவி பிடிக்க வைத்தாள். அந்த வாடையில் குடல் புரண்டு வாந்தி வந்தது. சளி வெளியே வருகிறது என்று நாகஜோதி சந்தோஷப்பட்டு, மறுநாள் இன்னும் கொஞ்சம் கூட்டி ஊற்றினாள்.

புதுத் துணி வந்தது. அதிலும் கோடு. தனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்து, வெளிச்சம் போதவில்லை என்று இசக்கிமுத்து இன்னும் இரண்டு டியூப்லைட் கேட்டு வாங்கி மாட்டினார். கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது செக்கிங் மெஷின். அதற்கப்புறம் கோடு இல்லாத ரோலே கிடையாது. நல்லான் ஒவ்வொரு தடவையும் வந்தார், பார்த்தார், வாய் திறக்காமல் ஏற்றிக்கொண்டு போனார்.

தைக்கத் துணியில்லாமல் டெய்லர்கள் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். சரக்கு கப்பலேற வேண்டிய தேதி நெருங்கியது. ஈஸ்வரமூர்த்தி புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். அப்போதும் கோடு தெரியவில்லை. இசக்கிமுத்து நெற்றி நிறைய சுக்குப் பத்துப் போட்டு, அது வெந்து தோல் உரிந்து போய் நின்றார். சரக்கு வாங்கும் பையர் ஆபீஸிலிருந்து பார்க்க வந்தவர் பயந்துபோய், கம்பெனியில் ஏதும் விபத்தா என்று விசாரித்தார்.

வேலை போய்விடும் என்றே இசக்கிமுத்து நினைத்தார். முதலாளி அவரைத் தன் காரில் ஏற்றி, அவிநாசியில் மூக்கு டாக்டரம்மாவிடம் அனுப்பினார்.

டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு, சைனஸ் சுத்தமாக இருக்கிறது என்றார். தலைவலிக்கு முன்னால் கண்ணில் ஏதாவது மின்னுமா என்று கேட்டார்.

“கண்ணுல இல்லம்மா, துணியில மின்னும்.”

“துணிய விட்டுட்டுச் சுவத்தப் பாத்தா?”

இசக்கிமுத்து யோசித்தார். சுவரிலும் இருந்தது. சோற்றுத் தட்டில் இருந்தது. நாகஜோதியின் முகத்திலும் ஒருநாள் ஓடியது. கோபத்தில் இருக்கிறாள் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார்.

இது மைக்ரேன், ஒற்றைத் தலைவலி, அது வருவதற்கு முன்னால் சிலருக்குக் கண்ணில் இப்படிக் கோடு மின்னும் என்றார் டாக்டரம்மா. மைக்ரேனிலும் மூக்கு அடைக்கும், ஒழுகும். அதனால்தான் பாதிப்பேர் சைனஸ் என்று மூக்கோடு மல்லுக்கட்டுகிறார்கள். கண் கூசுகிற வெளிச்சமும், காட்டமான வாடையும், பட்டினியும் ஆகாது. மாத்திரை எழுதிக் கொடுத்து, நேரத்துக்குத் தூங்கச் சொன்னார்.

கம்பெனிக்குத் திரும்பிய இசக்கிமுத்து, கோடு துணியில் இல்லை, என் தலையில்தான் மொதலாளி என்று ஒப்புக்கொண்டார். தைத்து முடித்த பனியனைப் பார்க்கும் கருத்தம்மா என்ற இன்னொரு செக்கர், கடைசியாக வந்த துணியைப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். பால் மாதிரி இருந்தது. அன்றே கட்டிங் தொடங்கியது.

“அப்ப எங்கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்களா?” என்றார் ஈஸ்வரமூர்த்தி. அவருக்கு வந்த நிம்மதியில் கோபப்பட மறந்துவிட்டார்.

தலைவலி விட்ட வாரத்தில் உலகமே இசக்கிமுத்துவுக்கு நல்லதாகத் தெரிந்தது. நம்பின முதலாளி, தூக்கம் கெட்டு வெந்நீர் வைத்த நாகஜோதி, கண்டுபிடித்த டாக்டரம்மா, எல்லோரையும் நினைத்து மனசு நிறைந்தது. எல்லோரையும்விட நல்லானை நினைத்தால்தான் கண் கலங்கியது. குற்றமே இல்லாத துணியை ஒரு சொல் சொல்லாமல் திருப்பி எடுத்துப்போன மனிதர்!

ஞாயிற்றுக்கிழமை அல்வா வாங்கிக்கொண்டு நல்லானின் நிட்டிங் ஷெட்டுக்குப் போனார். நடந்ததையெல்லாம் சொல்லி, கோடு எதுவுமே கிடையாது, தன் மைக்ரேன்தான் காரணம் என்று கைகூப்பினார்.

“அண்ணாச்சி, ஒங்க பெருந்தன்மை வேற யாருக்கும் வராது” என்றார்.

நல்லான் டீ டம்ளரைக் கீழே வைத்தார். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, அதற்கு மேலே நெற்றியை மெதுவாகத் தேய்த்துக்கொண்டார்.

“பெருந்தன்மையெல்லாம் ஒண்ணுமில்லீங்க, அந்தக் கோடு எனக்கும் தெரிஞ்சுதுங்க.”