பெரட்டில் தவறாத தாயம்மா

முதலில் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடினார்கள். இரண்டாவதாக, மருந்து கட்டிவந்த டிரெசரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாவதாக, ஈஜோக் வழியாக டவுனுக்குப் போன பஸ்ஸை நிறுத்தினார்கள். ஒவ்வொன்றையும் கண்டித்து, நடந்த வரிசைப்படியே துண்டறிக்கை வெளியிட்டோம். நான்காவதற்கு மட்டும் துண்டறிக்கை வரவில்லை.

நான்காவதாக, எங்களை நோயற்றவர்கள் என்று அறிவித்தார்கள்.

கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்த ஆண்டு அது. தோட்டத்தில் நலப் பாதுகாப்பு உயர்மட்டக் குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் தோட்ட ஆபீஸ் கணக்கரான கிராணி மகேந்திரன். உறுப்பினர்களும் அவரே, ஏனெனில் கூட்டம் கூடுவது தடைசெய்யப்பட்டிருந்தது. முகக்கவசம், அதன்மேல் பிளாஸ்டிக் மறைப்பு, அதற்கும் மேல் மழைக்கோட்டுத் தொப்பி என்று அவர் உலாவினார். நோயாளி இல்லாத தோட்டத்துக்குப் பச்சைக் கொடி தருவார்கள் என்று கேள்விப்பட்டதும், தோட்டத்தில் நோயாளி இருக்கக் கூடாது எனக் குழு ஏகமனதாகத் தீர்மானித்தது.

காலையில் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. எங்களை மேய்க்கும் மண்டோர் ஐயாவு பெயர்களை வாசிப்பார். நாங்கள் "இருக்கேன்" என்போம். குரல் வராவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு. அதனால் வராதவருக்குப் பக்கத்தில் நிற்பவர் குரல் கொடுப்பது துரை காலத்திலிருந்து எங்கள் ஒற்றுமை. முகக்கவசம் வந்தபின் அந்த ஒற்றுமை மேலும் வளர்ந்தது; எந்த வாயிலிருந்து சத்தம் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. இடைவெளி காக்கவேண்டி, வெப்பமானியும் தூரத்திலிருந்து வரிசைக்கு ஒருமுறைதான் பிடிக்கப்பட்டது. வரிசைக்கு முப்பத்தாறு டிகிரி.

உதிரிப் பழம் பொறுக்கும் தாயம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. செம்பனை முள் குத்திய கால் புண்ணுக்கு டவுன் கிளினிக்கில் கட்டு மாற்றி வந்தவர். கட்டுப்பாட்டில் அது நின்றது. கால் வீங்கி லயத்து வீட்டில் படுத்துவிட்டார். ஆனாலும் பெரட்டில் தினமும் இருந்தார். சின்னத்தாய் ஒருநாள், மற்றவர்கள் ஒருநாள் என்று நாங்கள் முறைபோட்டு அவரை இருக்க வைத்தோம்.

வெளியே போகக் கிராணியின் கடிதம் வேண்டும். தாயம்மாவின் கணவர் செல்லன் போய்க் கேட்டார்; நாங்களும் அவருக்குப் பின்னால் நின்றோம்.

"தாயம்மாக்காவுக்கா? காலையில பெரட்டுல இருந்தாங்களே லா, செல்லண்ணே."

"கால் கறுத்துப் போச்சு தம்பி. நாத்தம் வருது."

"வேலைக்கு வந்தவங்களுக்கு நோயாளி கடிதம் எப்படிக் குடுக்கறது? இல்ல, அவங்க வரலைன்னு சொல்றீங்களா? அப்ப 'இருக்கேன்'னு சொன்னது யாரு?"

செல்லன் திரும்பி எங்களைப் பார்த்தார். நாங்கள் ஒற்றுமையாக நின்றோம். செல்லன் எங்களில் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

கடிதம் இல்லாமலே மனைவியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். சாலைத் தடுப்பில் நின்ற போலீஸ்காரர் மரியாதையானவர். ஒரு மோட்டாருக்கு ஓர் ஆள்தான் என்று விளக்கி, நோயாளி மட்டும் ஓட்டிக்கொண்டு போகலாம் என அனுமதித்தார். அவளுக்கு ஓட்டத் தெரியாது என்றார் செல்லன். அப்படியானால் நீங்கள் மட்டும் போய் வாருங்கள் என்று அதற்கும் அனுமதி கிடைத்தது.

கடைசியில் ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் காலை வெட்டி எடுத்தார்கள். நஞ்சு அதற்குள் காலைத் தாண்டியிருந்தது, தாயம்மா இறந்துபோனார். தொற்றால் இறக்கவில்லை என்பதால் கொடிக்கு ஆபத்தில்லை என்று குழு ஆறுதல் தெரிவித்தது. இறந்தவர் பெயரை நீக்க மேலிடத்து உத்தரவு வேண்டுமாம், அது வரவில்லை. நாங்களும் காரியச் செலவுக்கு ஆகட்டும் என்று அவரைப் பெரட்டில் தொடர்ந்து வைத்திருந்தோம்.

கட்டுப்பாடு தளர்ந்ததும் கொடி வழங்க மாவட்டத்திலிருந்து அதிகாரி வந்தார். மாலை, மேடை, ஒலிபெருக்கி. ஒருநாளும் நோய்வாய்ப்படாமல், வேலைக்குத் தவறாமல் வந்து, எல்லைதாண்டாமல் வாழ்ந்த முன்மாதிரித் தொழிலாளிக்குச் சிறப்புப் பரிசும் உண்டு என்றார். பரிசு, ஒரு ஜோடி ஓட்டக் காலணி. அதிகாரி பெயரை வாசித்தார்.

"தாயம்மா."

"இருக்கேன்" என்றோம்.

பழக்கம். வரிசை முழுவதும், ஒரே குரலில். அதிகாரி மகிழ்ந்து கைதட்டினார். ஐயாவு தரையைப் பார்த்தார்.

செல்லன் மேடையேறினார். காலணியைத் தொடவில்லை. அதிகாரியின் கையிலிருந்த தாளை வாங்கினார். முகக்கவசத்தைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பி, மண்டோர் வாசிக்கிற அதே நிதானத்தில் வாசித்தார்.

"தாயம்மா."