வேணாம் டாக்டர் 'வேணும்' என்ற நாள்

நோயாளிகளை விரட்டியடித்தே பேர் வாங்கிய டாக்டர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் சுங்கை சோ ஊரில் கிளினிக் வைத்திருந்தார். பலகையில் அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. யார் படித்தார்கள்? பால்குடி மறக்காத பிள்ளை முதல் பல் போன கிழவர் வரை எல்லாருக்கும் அவர் 'வேணாம் டாக்டர்'.

வம்புக்குக் காரணம் படம். எங்கள் ஜனங்களுக்கு எக்ஸ்ரே என்றால் படம். ரப்பர் தோட்டத்து லய வீடுகளை விட்டுத் தாமான் குடியிருப்பு வீட்டுக்குக் குடிவந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால், பார்க்க வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "படம் எடுத்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். எடுத்திருந்தால் நல்ல டாக்டர். அந்தப் படத்தை அடுப்படி விளக்குக்கு நேரே பிடித்து, ஆளுக்கொரு எலும்பைக் குறை சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனால்தான் நோய்க்கே ஒரு மரியாதை. வேணாம் டாக்டர் அந்த மரியாதையிலேயே கை வைத்தார்.

ஒட்டுக்கடை மாரியாயி அக்கா முட்டி வலி என்று வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். டாக்டர் அறைக்கதவைச் சாத்தும் பழக்கம் இல்லாதவர்; பேசுவது முழுக்க வெளியே கேட்கும்.

"கடைசியா எப்ப படம் எடுத்தீங்க?" தலைவலி என்று போனாலும் அவருடைய முதல் கேள்வி இதுதான்.

"போன மாசம், ரவாங்ல."

"அதுக்கு முன்னாடி?"

"தீபாவளிக்கு முன்ன ஒன்னு எடுத்தேன் லா. அது வேற கிளினிக்கு."

"முன்ன எடுத்திருக்கீங்களான்னு அவங்கள்ல யாராச்சும் கேட்டாங்களா?"

"எதுக்குக் கேக்கணும்? நான் கேட்டேன், எழுதிக் குடுத்தாங்க."

"சரி, இப்ப வேற முட்டி மாட்டிக்கிட்டு வந்திருக்கீங்களா?"

"ஐயோ, அதே முட்டிதான் டாக்டர்!"

"அப்ப படம் வேணாம். அது உடம்புக்குள்ள போற கதிரும்மா. தேவைன்னா எடுக்கலாம், தப்பே இல்ல. ஆசைக்கு எடுக்கக் கூடாது."

அக்கா எழுந்து வந்த வேகத்தைப் பார்த்தால் முட்டி வலி இருந்ததாகவே தெரியவில்லை. "படம் எடுக்க வக்கில்லாத டாக்டரு!" என்று திட்டியது எதிர்வரிசைக் கடைகள் வரை கேட்டது. அன்று சாயங்காலமே ஒட்டுக்கடையில் வடை வாங்கிய அத்தனை பேருக்கும் அந்தச் செய்தி வடையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

இன்னொரு தடவை, ஊஞ்சலிலிருந்து விழுந்த மகளைத் தூக்கிக்கொண்டு ஒரு லோரிக்காரர் ஓடிவந்தார். "தலைக்கு ஸ்கேன் எழுதிக் குடுங்க டாக்டர்!" டாக்டர் அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தார், தலையைத் தடவினார், நடக்க விட்டார். "ஸ்கேன் வேணாம். இங்கயே உக்காருங்க, நான் பார்த்துக்கிட்டே இருக்கேன். மயக்கம் வாந்தின்னு ஏதாச்சும் தெரிஞ்சா நானே கூட்டிட்டுப் போறேன்." லோரிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர் அந்தப் பிள்ளைக்குக் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்து, அவள் வீட்டுப் பூனைகளின் வரலாறு முழுவதையும் கேட்டு முடித்தார். சாயங்காலம் வரை வேறு ஒரு நோயாளியும் வரவில்லை. அவள் கிளம்பியபோது வாசல் வரை வந்து கையசைத்துவிட்டு, தெரு காலியான பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

மற்ற டாக்டர்களும் அவரிடமிருந்து தப்பவில்லை. யாராவது கண்டபடி ஸ்கேன் எழுதினால் போதும், போனைப் போட்டுவிடுவார். "தம்பி, ஒரு வயித்து ஸ்கேன்ல எத்தனை நெஞ்சு எக்ஸ்ரே அளவு கதிர் இருக்கு, சொல்லுங்க?" அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுப்பு கேட்கும். "ரெண்டு மூணா? அட ராமா, நூத்துக்கணக்குலப்பா!" ஒருமுறை ஒரு டாக்டர், 'அதனால்தான் நான் அல்ட்ராசவுண்டு எழுதுகிறேன், அதில் கதிர் கம்மி' என்று சொல்லியிருக்கிறார். "அதுல கதிரே இல்லப்பா!" என்று இவர் போட்ட சத்தத்தில் மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண்ணின் கையிலிருந்து பாட்டில் நழுவியது. நாளடைவில் யாரும் அவர் போனை எடுப்பதில்லை. டாக்டர்கள் கூடும் விருந்துக்குப் போனால் தன் பக்கத்து நாற்காலியில் எப்போதும் தன் கோட்டுதான் உட்காரும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, நான் ஏன் அங்கேயே கிடந்தேன்? மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் ஜொகூரில். தொழிற்சாலை வேலையும் முடிந்துவிட்டது. வீட்டில் டிவியைத் தவிர என்னோடு பேச ஆளில்லை. கிளினிக்கில் மின்விசிறி இருந்தது, பத்திரிகை இருந்தது, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்க அவர் இருந்தார். வலி இருக்கிறதோ இல்லையோ, போய் உட்கார்ந்துவிடுவேன்.

அப்படி ஒரு நாள் உட்கார்ந்திருந்தபோது நான் இருமினேன். அவர் பேச்சை நிறுத்தினார். கழுத்தைத் தொட்டார், முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். "கடைசியா எப்ப படம் எடுத்தீங்க?" "வேலைக்குச் சேர்ந்தப்ப, டாக்டர்." நெஞ்சுப் படம் எடுத்துவரச் சொன்னார். எடுத்துவந்ததைப் பார்த்தார். நான் வழக்கமான வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

"ஸ்கேன் எடுக்கணும்."

"வேணாம்னு சொல்லுங்க டாக்டர்."

"வேணும்யா."

 வெளியே மருந்துக்கு நின்றிருந்த மாரியாயி அக்காவுக்கு அந்த ஒரு சொல் போதும். நான் வீடு போய்ச் சேர்வதற்குள் ஊரே வந்துவிட்டது. ஆரஞ்சுப் பழம், ரொட்டி டின், திருநீறு. அக்கா வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு, "வேணாம் டாக்டரே வேணும்னுட்டாராமே!" என்று கதறினாள். அவரை அதிகமாகத் திட்டியவள் அவள்தான். அவர் வார்த்தையை அதிகமாக நம்பியவளும் அவள்தான். ஒருவர் என் மகளின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எல்லாரும் போனதும் வீடு முன்னைவிட வெறிச்சென்று ஆகிவிட்டது. தெரிந்து சாவதைவிடத் தெரியாமல் சாவது மேல், ஸ்கேனுக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் விடிந்ததும் வாசலில் அவருடைய பழைய கார்.

"ஏறுங்க."

"வரல டாக்டர். பயமா இருக்கு."

"வேணாம்னு சொன்னா மட்டும் நம்புவீங்க, வேணும்னா நம்ப மாட்டீங்களோ? இத்தனை வருசமா எல்லார்கிட்டயும் நான் ஏச்சு வாங்கினதே, வேணும்னு சொல்ற அன்னிக்கு நீங்க போகணும்னுதான்யா."

 ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் மனிதர் சும்மா இருந்தாரா? "ஆளு ஒல்லி, கதிர் அளவைப் பார்த்துப் போடுங்க" என்று ஸ்கேன் அறைக்குள் தலையை நீட்டினார். அங்கே இருந்த பெண் கதவை மறித்தாள். "அங்கிள், நாங்க பார்த்துக்குவோம். நீங்க இவருக்கு யாரு?"

டாக்டர் என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். "அண்ணன்" என்றார். முகம் சிவந்து போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நான் ஸ்கேன் முடிந்து திரும்பி வந்தபோதும் என் சட்டையை மடியில் மடித்து வைத்துக்கொண்டு அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்.

நுரையீரலில் சின்னக் கட்டி. நேரத்தோடு பார்த்ததால் வெட்டி எடுத்துவிட்டார்கள். நான் பிழைத்தேன். அவர்தான் போன வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூக்கத்திலேயே போய்விட்டார். கிளினிக் இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. அந்தப் பக்கம் போகவே எனக்குப் பிடிக்கவில்லை.

சென்ற வாரம் எனக்கும் முட்டி வலி. புதிதாகத் திறந்த கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் சின்னப் பெண், கெட்டிக்காரி. கணினியிலிருந்து முகத்தை எடுக்காமலே, "ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம் அங்கிள்" என்று தட்டிக்கொண்டிருந்தாள்.

நான் நாற்காலியை விட்டு எழவில்லை. "கடைசியா எப்ப எடுத்தேன்னு கேக்கலியேம்மா?"

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். "ஏன் அங்கிள்?"

"கேளும்மா. கேட்டுக்கிட்டே இருந்த ஒருத்தரு போயிட்டாரு. அப்புறம் என்னை யாரும் எதுவும் கேக்குறதில்ல."