எடை மேடையில் ஏறிய தாய்மாமன் சீர்

எடை மேடையைக் கண்டும் காணாமல் ஓட்டிக்கொண்டு போகிற லாரி டிரைவர்கள் இந்த நாட்டில் லட்சம் பேர் இருப்பார்கள். கண்ணில் பட்ட எடை மேடையில் எல்லாம் ஏறி இறங்கிவிட்டுப் போன டிரைவர் ஒரே ஒருத்தர்தான். அவர் எங்கள் தராசு அண்ணன். அவருடைய அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போது நான் கப்பலூரில், நாற்கர ரோட்டை ஒட்டிய ஒரு எடை மேடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன், நாற்காலி மட்டும் மாறியிருக்கிறது. தரையோடு தரையாக இரும்புத் தகடு பதித்திருக்கும். லாரி அதில் ஏறி நின்றால் வெளியே இருக்கிற பெரிய பலகையில் எடை சிவப்பாக எரியும். நான் சீட்டு அடித்துக் கொடுப்பேன். சரக்கு ஏற்றும் இடத்தில் ஒருமுறை, இறக்கும் இடத்தில் ஒருமுறை என்று எடை போடுவது உலக வழக்கம். தராசு அண்ணனோ தூத்துக்குடி போய்ச் சேர்வதற்குள் வழியில் உள்ள அத்தனை மேடையிலும் நிறுத்துவார். “நீ லாரி ஓட்டுறியா, இல்ல கோயில் கோயிலா நின்னு சூடம் காட்டுறியா?” என்று அவருடைய முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

நானும் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“ஏண்ணே, காலையில ஏத்துன லோடு சாயங்காலத்துக்குள்ள எங்க போயிரப் போகுது?”

“நடுவுல எவனாச்சும் ஒரு மூட்டைய உருவிட்டா?”

“சரி. எடை கூடிருச்சுன்னா சந்தோசம்தானே?”

“அது எப்படிப்பா சந்தோசம்? அடுத்தவன் மூட்டைல்ல அது!”

இப்படிப்பட்ட மனிதரிடம் என்ன பேசுவது?

ஒருமுறை விருதுநகர் பக்கம் மழையில் தார்ப்பாய் நனைந்து எடை கொஞ்சம் கூடிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். இவர் தார்ப்பாயைக் கழற்றி, ரோட்டோரப் புளியமரத்துக்கும் லாரிக்கும் நடுவே வேட்டி மாதிரி காயப்போட்டு, அது உலரும் வரை உட்கார்ந்துவிட்டார். தூத்துக்குடியில் சரக்குக்காகக் காத்திருந்தவர்கள், லாரி பாஞ்சாலங்குறிச்சிப் போருக்குப் போய்விட்டதோ என்று பயந்துபோனார்களாம்.

இன்னொரு முறை மனைவியை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்தார். மேடையில் நிறுத்தினார், எடை பார்த்தார். “நீ செத்த எறங்கிக்க” என்று மனைவியை இறக்கிவிட்டு மறுபடி பார்த்தார். பலகையில் எண் சட்டென்று இறங்கியது. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் மனக்கணக்குப் போட்டுவிட்டார்கள். “எங்க அண்ணன் தம்பிக்குக்கூடத் தெரியாதுய்யா என் எடை!” என்று கத்திவிட்டு அந்தம்மா திருமங்கலம் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டது. இவர் என்னிடம் திரும்பி, “இப்ப வண்டி எடை சரியா இருக்குப்பா” என்றார்.

சிரித்துச் சொல்கிறேனே தவிர, இந்தப் பழக்கம் அவரிடம் ஒரு உறவையே விலையாகக் கேட்டது. அவருடைய ஒரே தங்கச்சியின் கல்யாணத்துக்கு, லோடு இறக்கிவிட்டு நேராக வருகிறேன் என்று சொன்னவர், வழக்கம்போல் ஒவ்வொரு மேடையிலும் நின்று நின்று, தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கும்போது போய் இறங்கினார். “தாலி கட்டும்போது இல்லாதவன் என்னய்யா அண்ணன்?” என்று மாப்பிள்ளை சபையில் கேட்டுவிட்டார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுபோனது. தங்கச்சிக்குப் பெண் குழந்தை பிறந்ததைக்கூட அவர் பிறத்தியார் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

அந்தக் குழந்தைக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்? தங்கச்சி புருஷனோடு மல்லுக்கட்டிச் சம்மதம் வாங்கி, அண்ணனுக்குச் சொல்லிவிட்டது. “எங்கயும் நிக்காம வந்துருண்ணே. இந்தத் தடவையும் பிந்துனா, நம்ம சித்தப்பா மகன் மடியில உக்கார வச்சுருவாக. அப்புறம் நம்ம உறவு அம்புட்டுத்தான்.”

தராசு அண்ணன் பூரித்துப்போனார். காதுகுத்து அன்று காலை, முதலாளியின் லாரியிலேயே சீர் கிளம்பியது. வாழைத்தார், அரிசி மூட்டை, வெண்கலப் பானை, மாலை போட்ட இரண்டு கிடாய், மேளக்காரர்கள், சொந்தக்காரர்கள் என்று ஒரு தெருவே ஏறியிருந்தது. செக்கானூரணி தாண்டி ஒரு கோயிலில் விசேஷம். வாழ்த்திக் கையசைக்கலாம் என்று நான் வாசலில் வந்து நின்றேன்.

லாரி நேராக வந்து என் மேடையில் ஏறியது.

“அண்ணே! நிக்காம வரச் சொல்லியிருக்காகள்ல!”

“கொறையாக் கொண்டுபோயிறக் கூடாதுல்லப்பா. ஒரே ஒரு சீட்டு. போட்டுக் குடு.”

போடலாம்தான். கிடாய்கள் நிற்க வேண்டுமே! அவை முட்டிக்கொள்ள முட்டிக்கொள்ளப் பலகையில் எண் ஏறி இறங்கியது. “மேளத்த நிறுத்துங்கப்பா, எண்ணு ஆடுது!” என்று இவர் கத்தினார். மேளம் நின்றதும் ஒரு பெரியவருக்கு இருமல் வந்துவிட்டது. அவரையும் மூச்சைப் பிடிக்கச் சொன்னார். கடைசியில் எண் நின்றது. “சரக்குன்னு என்னண்ணே அடிக்க?” என்றேன். சற்று யோசித்து, “தாய்மாமன் சீருன்னு அடி” என்றார். சீட்டைக் கொடுத்ததும் என்னையும் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். ஏற்றிய பிறகு, “அடடா, உன் எடை சீட்டுல இல்லையே” என்று முகம் வாடினார். எல்லாருமாகச் சேர்ந்து திட்டியதில் லாரி கிளம்பியது.

போய்ச் சேர்ந்தபோது பயந்தபடியே நடந்துகொண்டிருந்தது. குழந்தை அந்தச் சித்தப்பா மகன் மடியில் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. ஆசாரி ஊசியோடு குனிந்திருந்தார். தங்கச்சி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, “எங்கண்ணே வரும், வரும்” என்று கெஞ்சிக்கொண்டு நின்றது. மேளச் சத்தம் கேட்டு எல்லாரும் திரும்பினார்கள்.

மைக்கில் இருந்தவர் வழக்கப்படி, “மாமன் சீர் வெவரம் சொல்லுங்கப்பா” என்றார். பதற்றத்தில் தராசு அண்ணன் சட்டைப்பையில் கைவிட்டு எடை மேடைச் சீட்டை நீட்டிவிட்டார். மைக் பிடித்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

“தாய்மாமன் சீர்! மொத்த எடை, எட்டாயிரத்து இருநூறு கிலோ!”

கூட்டம் எழுந்து லாரியை எட்டிப் பார்த்தது. எட்டு டன் சீர் மதுரை ஜில்லாவில் யார் செய்திருக்கிறார்கள்? மாப்பிள்ளை மட்டும் சீட்டை வாங்கிப் பார்த்தார். “யோவ், இது லாரியோட சேத்து!” என்றார். பந்தல் குலுங்கியது. கிடாய் எம்புட்டு, டயர் எம்புட்டு என்று ஆளுக்கு ஆள் கேட்டுச் சிரித்தார்கள். தராசு அண்ணன் தலையைக் குனிந்தபடி நின்றார். கல்யாணத்தில் பிந்தினார், காதுகுத்திலும் பிந்திவிட்டார், இப்போது கேலிப்பொருளும் ஆகிவிட்டார். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

தங்கச்சி முன்னால் வந்து மைக்கை வாங்கியது.

“சிரிக்காதீக. லாரியோட சேத்துன்னா, அதுல எங்கண்ணனும் சேத்திதான? எனக்கு அது போதும். வேற சீரு வேணாம்.”

தங்கச்சி குழந்தையைத் தூக்கி வந்து அண்ணன் மடியில் வைத்தது. மாப்பிள்ளையே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க மச்சான்” என்றார். காது குத்தும்போது குழந்தையைவிட மாமன்தான் அதிகம் அழுதார்.

இப்போது டோல்கேட்டில் ஓடுகிற வண்டியை ஓடுகிறபடியே எடை போட்டுவிடுகிறார்கள். யாரும் இறங்கி வந்து என்னிடம் பேச வேண்டியதில்லை. தராசு அண்ணனும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தங்கச்சி ஊரிலேயே குடியிருக்கிறார் என்று கேள்வி. அவரை மாதிரி இன்னொருவர் என் மேடைக்கு இன்றுவரை வரவில்லை. வந்தாலும் எனக்கு அவர்தான் வேண்டும்.