முதுகு காட்டி வாசித்த டும் அண்ணாச்சி

பேஸ் கிட்டார் இல்லாத ரிசப்ஷனில் நடக்கும் எந்தக் கல்யாணமும் நிலைக்காது என்று மனதார நம்பியவர் டும் அண்ணாச்சி. மும்பை மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் மெல்லிசைக் குழுவில் அவர் டும் டும் என்று அடிநாதம் தரும் பேஸ், நான் கீபோர்டு. பகலில் அவருக்குக் குர்லாவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் வேலை. உண்மைப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அவருடைய கிட்டார் தகர டப்பாவைத் தட்டுவதுபோல் ஒலிக்கும். குற்றவாளி பிக்கப்தான் என்று கண்டுபிடித்தார். கம்பிகளுக்கு அடியில் உட்கார்ந்து அவற்றின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் காந்தமும் செப்புச் சுருளும்தான் அது. எங்கெங்கோ அலைந்து ஏழெட்டு வாங்கி வந்தார். ஒவ்வொன்றாக ஈயம் உருக்கிச் சால்டர் வைத்து மாட்டுவார். என்னைக் கண்ணை மூடி நிற்கச் சொல்லி, தடித்த கம்பியைச் சுண்டுவார்.

"எங்கன தட்டுதுலே?"

"நெஞ்சுல அண்ணாச்சி."

"நெஞ்சுல தட்டுனா சரிப்படாது. அடிவயித்துல தட்டணும்."

இப்படியே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. மூன்றாவது ஞாயிறு மதியம் நான் சாப்பிடாமல் போய்விட்டேன். எதைச் சுண்டினாலும் வயிற்றில்தான் தெரிந்தது. அப்போது மாட்டியிருந்த பிக்கப் தேர்வாகிவிட்டது. தேர்ந்தெடுத்தது என் பசி என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஆனால் சத்தம் அருமை. ஒரே தொல்லை, அது ஒற்றைச் சுருள் பிக்கப். பக்கத்தில் விளக்கு எரிந்தால் இரையும். செம்பூரில் ஒரு ரிசப்ஷனில் அலங்கார விளக்குகளைப் போட்டதுமே ஆயிரம் கொசுக்கள் ஸ்பீக்கருக்குள் புகுந்துகொண்டன. அண்ணாச்சி கிட்டாரோடு மெல்ல மெல்லத் திரும்பினார். பின்சுவரைப் பார்த்து நின்றதும் இரைச்சல் அடங்கியது. நிகழ்ச்சி முழுவதும் அப்படியே நின்றார். பெண்ணின் அப்பா என்னைத் தனியாக அழைத்து, "அவருக்கு எங்க மேல ஏதாவது வருத்தமா?" என்று விசாரித்தார். ரொம்பக் கூச்சப்படுகிறவர் என்று சமாளித்தேன்.

அன்றுமுதல் எங்கே வாசித்தாலும் அவர் சுவரைப் பார்த்தார். ஜனங்கள் அவர் முதுகைப் பார்த்தார்கள். இரட்டைச் சுருள் பிக்கப் போட்டால் இரையாதே என்று நாங்கள் சொல்லிப் பார்த்தோம். அது ரெயின்கோட் போட்டுக்கொண்டு குளிப்பது மாதிரி என்று மறுத்துவிட்டார்.

தாராவி கோயில் கொடை விழாவுக்கு அவர் மனைவி வந்திருந்தார். தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை, ஞாயிறும் லீவு கிடையாது. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவர் கேட்ட முதல் கச்சேரி அதுதான். முடிந்ததும் அண்ணாச்சி ஆவலோடு அவரிடம் போய் நின்றார்.

"எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. உங்க மூஞ்சியத்தான் பாக்க முடியல. முதுகத்தான் வீட்டுல தெனமும் பாக்குதேனே, சால்டர் வைக்கயில."

மறுவாரம் அண்ணாச்சி அந்த இரட்டைச் சுருள் ரெயின்கோட்டை வாங்கி அவரே மாட்டினார். என்னைக் கண்ணை மூடச் சொல்லவில்லை.

அடுத்த நிகழ்ச்சிக்கு அந்த அம்மா அரைநாள் லீவு போட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி எல்லோரையும் பார்த்து நின்றார். சத்தம் கொஞ்சம் மந்தம்தான். அவரோ கம்பியைப் பார்க்காமல் முன்வரிசையையே பார்த்துக்கொண்டு வாசித்தார். நாலு இடத்தில் சுரம் தப்பியது. நாலையும் கீபோர்டில் மூடி மறைத்தேன். இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.