பண்ணையம்மாவின் நாக்கும் மூணு மா உவர்நிலமும்

குடமுருட்டிக் கீழ்க்கரை
விரோதிகிருது வருடம், மாசி மாதம் ஒன்பதாம் நாள்

நன்னிலம் தாலுக்காவில் கௌரவமாய் வாழ்ந்துவரும் மூத்த மச்சான் வைரக்கண்ணு அவர்கள் சமூகத்துக்கு, அவர் தங்கை அம்சத்தைக் கட்டிய நாள் முதல் முப்பத்தொன்பது வருடமாக மரியாதை குறையாமல் சண்டை போட்டுவரும் மருதையன் வணங்கி எழுதுவித்தது. இங்கே நானும் உங்கள் தங்கையும் இரண்டு மாடுகளும் சுகம். மூன்றாவது மாடு சுகமில்லை. அதன் காரணம் கீழே வருகிறது. அங்கே தாங்களும் அக்காவும் பேரன் பேத்திகளும் குறைவில்லாமல் இருக்கவேண்டும் என்பது என் விருப்பம்.

எனக்கு எழுத்து வராது என்பது தாங்கள் அறிந்ததே. ஜெக்கரியா வாத்தியார் எழுதுகிறார். காகிதத்தில் எங்கேயாவது நான் படித்தவன் போலத் தெரிந்தால் அது அவர் கைவேலை. ஏச்சு மாதிரித் தெரியும் இடமெல்லாம் என்னுடையது.

மூன்று வருடம் முகம் பாராமல் இருந்துவிட்டு இப்போது என்ன கடிதாசி என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் என் பேத்தி காதுகுத்தில் தாங்கள் இலையில் கை வைக்கிற நேரம் பார்த்து, "மச்சான், மெல்ல முழுங்குங்க, இது உங்கப்பா சீதனமாக் குடுத்த நெலத்துச் சோறு, தொண்டையில கல்லு மாதிரி நிக்கும்" என்று நான் சொன்னதும், தாங்கள் இலையை மடித்துவிட்டு எழுந்து போனதும் எனக்கு மறக்கவில்லை. சொன்னதை வாபஸ் வாங்கவும் மாட்டேன். உங்கள் தகப்பனார் கொடுத்த அந்த மூணு மா கடைமடை நிலத்துக்கு வாய்க்கால் தண்ணீர் வந்து சேர்வதற்குள் தண்ணீருக்கே வயசாகிவிடும். கோடையில் உப்புப் பூத்துக் கிடக்கும். அதில் விளைந்த அரிசியைத்தான் நான் இத்தனை வருடமாகச் சாப்பிடுகிறேன், சாப்பிட்டுச் சாப்பிட்டு ஏசுகிறேன். ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. உங்கள் ஊர்ச் செல்லியம்மன் பேரில் நான் பொய்ச் சத்தியம் செய்துவிட்டேன். அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். தாங்கள்தான் அவளிடம் போய்ப் பேசி என்னை விடுவிக்க வேண்டும். நடந்ததைச் சொல்கிறேன்.

பண்ணையம்மா ஆனந்தவல்லி அம்மாளுக்குச் சொந்தமான வடக்குவெளி ஒன்பது மாவைப் பதினெட்டு வருடமாக நான் குத்தகைக்குச் செய்துவருவது தாங்கள் அறிந்தது. வாய்க்கால் தலைப்பில் இருக்கிற பூமி, காலை வைத்தால் கணுக்கால் வரை இறங்கும். சாகுபடி செய்கிறவன் பேரைத் தாலுக்காவில் பதிந்துகொள்ளலாம், அப்புறம் அவனை யாரும் இஷ்டத்துக்கு இறக்க முடியாது என்று சர்க்கார் சட்டம் போட்டதும் தெரியும். சட்டம் வந்த மறுநாள் இந்தப் பக்கத்துப் பண்ணைகளுக்கெல்லாம் ஞாபகமறதி வந்துவிட்டது மச்சான். அப்பன் பாட்டன் காலத்து எல்லைக்கல் ஞாபகம் இருக்கிறது, ஆறு தலைமுறைக்கு முந்தின தாவா ஞாபகம் இருக்கிறது, நேற்று வரை எதிரில் கை கட்டி நின்ற குத்தகைக்காரன் முகம் மட்டும் ஞாபகமில்லை. ரசீது கேட்டுப் பழக்கமில்லாத ஜனம் நாம். நான் மனுக் கொடுத்தேன். பண்ணைக் காரியஸ்தர் எதிர்மனுக் கொடுத்தார்.

அந்தக் காரியஸ்தரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்சி மாறுகிற வரையில் கதர் தவிர வேறு துணி அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, அரிக்கும் என்பார். ஆட்சி மாறிய மாதம் அரிப்பு நின்றுபோய்க் கரை வேட்டி வந்துவிட்டது. பித்தளை டம்ளரில் காபி இல்லாவிட்டால் தலைவலி என்று படுத்துக்கொண்டவர், கொடிக்கம்பத்தடிக் கடையில் கண்ணாடிக் கிளாஸில் டீ குடித்துக்கொண்டு, "எனக்குச் சின்ன வயசிலேர்ந்தே டீதாம்ப்பா இஷ்டம்" என்கிறார். மனுஷனுக்கு நாக்கு எவ்வளவு பணிவாக இருக்கிறது பாருங்கள்.

பண்ணையம்மா நாக்கு அப்படிப் பணிகிற ஜாதி இல்லை. அது தாலுக்கா பூராவும் பேர்போன நாக்கு. சோற்றை வாயில் வைத்ததும் எந்த வயல், எந்த விறகு, எந்த மருமகள் வடித்தது என்று சொல்லிவிடுவார். இரண்டு மருமகள்களும் அந்த நாக்குக்குப் பயந்து பாதியாய் இளைத்துவிட்டார்கள். அம்மாளின் சாப்பாட்டுக்கு வருடம் ஆறு மூட்டை அரிசி வடக்குவெளியிலிருந்துதான் போகவேண்டும். நான் அறுத்து அடித்துக் கொடுப்பேன்; அவித்து, காயவைத்து, குத்தி, புடைத்து மூட்டை கட்டுவது உங்கள் தங்கை பொறுப்பு. தை மாதம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் அன்றைக்கே ஒரு பானை உலை வைப்பார்கள். அம்மாள் குழம்பு ஊற்றாமல் முதல் பிடியை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அப்புறம், "அமிர்தம்! இது வடக்குவெளி" என்பார். எல்லாரும் மூச்சு விடுவோம். உங்கள் தங்கையும் வருடா வருடம் வண்டியோடு கிளம்பிவிடுவாள். நீ எதுக்குடி என்றால் கேட்கமாட்டாள். பின்கட்டில் போய் நின்றுகொள்வாள். அது அவளுக்கு ஒரு பழக்கம்.

நியாயத்தைச் சொல்லவேண்டும், அந்த அம்மாள் நாக்கு ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. இந்த விஷயத்தில் நானும் சளைத்தவன் இல்லை. அவர் நாக்கை வைத்துச் சொல்வார், நான் தொண்டையை வைத்துச் சொல்வேன். இரண்டு வயலுக்கும் ஒரே விதைதான் என்றாலும், சீதன நிலத்து அரிசி இறங்கும்போதே எனக்குக் கரிக்கும்.

போன மாதக் கடைசியில் விசாரணை. அதிகாரி வெளியூர்ப் பையன், புதுக் கண்ணாடி. அம்மாளே காரில் வந்து, வெள்ளிக் கூஜாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மூத்த மருமகள் விசிறியோடு பின்னால் நின்றாள். காரியஸ்தர் எழுந்து, "ஐயா, வடக்குவெளி பண்ணைச் சாகுபடி. இந்த ஆளு யாருன்னே எங்கம்மாவுக்குத் தெரியாது" என்றார். அம்மாள் என்னைப் பார்த்தார். சந்தையில் மாடு பார்க்கிறவர்கள்கூட இன்னும் கொஞ்சம் உறவோடு பார்ப்பார்கள்.

ஒன்பது மா போனால் உப்புப் பூத்த மூணு மாதான் மிச்சம். நான் வாயைத் திறந்தேன். அம்மாளுக்கு அவரைப் பிஞ்சு பிடிக்கும், முற்றினால் ஆகாது. புளியங்கட்டை எரித்து வடித்த சோறு தொடமாட்டார். வெற்றிலையில் காம்பு மட்டுமல்ல, நுனியையும் கிள்ளிவிட்டுத்தான் போடுவார். இடி இடித்தால் பலாச்சுளை கேட்பார் என்று வரிசையாகச் சொன்னேன். தெரியாத ஆளுக்கு இதெல்லாம் எப்படிங்க தெரியும் என்று கேட்டேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெரியவரே, இதெல்லாம் ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஒருத்தர் எதைத் திங்கிறாங்கன்னு தெரிஞ்சா குத்தகை ஆயிடுமா? வேற சாட்சி இருக்கா?"

காரியஸ்தர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது.

"இருக்குங்க. அம்மா இத்தினி வருசமா வடக்குவெளி, வடக்குவெளின்னு சாப்பிட்டுச்சே, அது வடக்குவெளி அரிசியே இல்லீங்க. என் பொண்டாட்டி சீதனம் மூணு மா இருக்கு, கடைமடை, உவர்நெலம். அந்த அரிசியைத்தான் பதினெட்டு வருசமாப் போட்டேன்."

"சத்தியமாவா?" என்றார் அதிகாரி.

எங்கள் ஊர் அய்யனாருக்குக் காது கூர்மை. உங்கள் செல்லியம்மன் பதினோரு கல் தள்ளி இருக்கிறாள், வெயில் நேரம் வேறு, கேட்காது என்று நினைத்து, "நன்னிலத்துப் பக்கம் செல்லியம்மன் சத்தியமா" என்று தரையில் அடித்துவிட்டேன்.

மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாள் அதைப் பார்த்துவிட்டார்.

"டேய் மருதையா!" தாலுக்கா ஆபீஸ் ஓட்டுக்கூரையில் இருந்த புறா அத்தனையும் பறந்தது. "யார் நாக்கைடா பொய்யிங்கிறே? பதினெட்டு வருசமா வடக்குவெளியில நீ வெளைச்சு நீ கொண்டாந்து போட்ட அரிசியைத்தானடா நான் தின்னுக்கிட்டிருக்கேன்! எனக்குத் தெரியாதா?"

"அம்மா, அம்மா, கொஞ்சம் சும்மா இருங்கம்மா" என்று காரியஸ்தர் கையைப் பிசைந்தார்.

அதிகாரி நல்ல பிள்ளை. மெதுவாகக் கேட்டார்: "அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க சாப்பிட்டது உவர்நெலத்து அரிசின்னு எழுதிக்கிட்டா வடக்குவெளிக்கும் இவருக்கும் சம்பந்தமில்லே, கேஸ் உங்க பக்கம். வடக்குவெளி அரிசின்னா இவர் பேரைப் பதியணும். எதை எழுத?"

அம்மாள் மருமகளைப் பார்த்தார். கூஜாவைத் திறந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார். "வடக்குவெளின்னு எழுதுங்க" என்றார். கையெழுத்தும் போட்டார். நாக்கைக் காப்பாற்ற ஒன்பது மாவைக் கொடுத்தவர் இந்தச் சீமையில் அவர் ஒருவர்தான். தாலுக்கா கணக்கில் இப்போது உங்கள் தங்கை புருஷன் பேர் இருக்கிறது.

உண்மை என்னவென்றால் அவருக்குப் போனது அத்தனையும் வடக்குவெளி அரிசியேதான். அம்மாளின் நாக்கைச் சீண்டினால் வாய் தானே திறக்கும் என்று நான் சொன்னது பச்சைப் பொய். (இந்த இடத்தில் வாத்தியார் பேனாவை மூடிவிட்டார். "மருதையா, இதை எழுதினா நாளைக்கு இதே உனக்கு எதிர்ச் சாட்சி" என்றார். "என் மச்சான் எம்மேல கோவமாத்தான் இருக்காரு. ஆனாக் காட்டிக் குடுக்கிற ஆளு இல்லே, எழுதுங்க" என்றேன். எழுதுகிறார்.)

உங்கள் செல்லியம்மனுக்குக் கேட்டுவிட்டது. மூன்றாம் நாள் வாய்க்கால் மதகில் மாடு சறுக்கி முன்கால் பிசகிப் படுத்துவிட்டது, அதற்குப் பத்துப் போடப் பச்சிலை பறிக்கப் போன இடத்தில் எனக்குக் கருவேல முள் ஏறி முறிந்துவிட்டது, முள்ளை எடுக்கக் குனிந்தவன் வண்டி நுகத்தடியில் குடுமி மாட்டிக்கொண்டு அரை நாழிகை கோழி மாதிரித் தொங்கினேன், உங்கள் தங்கை வந்து அவிழ்ப்பதற்குள் வானம் இருட்டி, மாசியில் யார் மழை கேட்டார்கள், களத்தில் கிடந்த உளுந்து அத்தனையும் நனைந்துபோயிற்று. குடுமியைப் பிடித்து இழுத்ததிலேயே அம்மன் எதைக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இந்த உலகத்தில் எனக்கு ஆசை என்று இருப்பது இந்தக் குடுமி ஒன்றுதான். சாப்பாட்டில் ஆசை இல்லை, துணியில் ஆசை இல்லை. தினம் விளக்கெண்ணெய் தடவி வாரி முடிகிற சுகம் ஒன்று போதும் எனக்கு. அறுபத்தெட்டு வயதில் நரையில்லாத குடுமி. போகட்டும். பங்குனி முதல் வெள்ளிக்கிழமை வந்து மொட்டை போட்டுக்கொள்கிறேன், ஒரு சேவலும் தருகிறேன் என்று பூசாரியிடம் சொல்லி, அதுவரை கையை நிறுத்தி வைக்கும்படி தாங்கள் அவளிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நாவிதருக்கும் சொல்லிவையுங்கள். சீதன நிலத்தைப் பற்றி நான் சொன்னது சொன்னதுதான். அதையும் இதையும் சேர்க்க வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு நெல்லும் பாலும் பொங்க ஆசீர்வாதம். வாய்க்காலில் தண்ணீரும் வீட்டில் சிரிப்பும் தங்களுக்கு வற்றாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்
மருதையன் (இடது கைப் பெருவிரல்)

பின் குறிப்பு: நாவிதருக்குச் சொல்லவேண்டாம். சேவலும் வேண்டாம். வாத்தியார் எழுதி முடித்ததும் பிழை பார்ப்பதற்காக மொத்தத்தையும் சத்தமாகப் படித்தார். அடுப்படியில் உங்கள் தங்கை சிரிக்கிற சத்தம் கேட்டது. பேய் பிடித்ததோ என்று எட்டிப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "நீங்க ஏன் மொட்டை போடணும்? நீங்க சொன்னது நெசந்தானே?" என்கிறாள்.

"என்னடி நெசம்?"

"எந்த மூட்டை பரணுக்குப் போவுது, எந்த மூட்டை வண்டியில ஏறுதுன்னு ஒரு நாளாச்சும் பாத்தீங்களா? வடக்குவெளி மூட்டை ஆறும் நம்ம பரண்ல இருக்கும். எங்கப்பா நெலத்து மூட்டை பண்ணைக்குப் போவும். பதினெட்டு வருசமா."

நான் பரணை அண்ணாந்து பார்த்தேன். வாத்தியார்தான், "ஏம்மா அப்படிப் பண்ணினே?" என்று கேட்டார்.

"எங்கப்பா கடைசி காலத்துல வயித்தைக் கட்டி வாங்கின நெலங்க அது. இவுக தினம் சோத்துல கைய வெச்சு ஏசுவாக. பண்ணையம்மா கண்ணை மூடிக்கிட்டு அமிர்தம்னு சொல்லும். அதை ஒரு தடவை காதால கேக்கத்தான் வருசா வருசம் பின்கட்டுல போயி நின்னுட்டு வருவேன்."

ஆகவே மச்சான், செல்லியம்மன் பேரில் நான் செய்தது மெய்ச் சத்தியம். முள் வெறும் முள்தான், மழை வெறும் மழைதான். அம்மனுக்கும் எனக்கும் ஒரு தாவாவும் இல்லை. மேலே எழுதியதைத் திருப்பி எழுத வாத்தியார் மறுத்துவிட்டார், விரல் வலிக்கிறதாம். தாங்களே படிக்காத மாதிரி வைத்துக்கொள்ள வேண்டியது. முக்கியமாக அந்தக் காதுகுத்துப் பேச்சு. பங்குனியில் நான் அங்கே வரவில்லை, தாங்களும் அக்காவும் இங்கே வாருங்கள். உங்கள் தகப்பனார் நிலத்து அரிசியில் சோறு வடிக்கச் சொல்கிறேன்.

இன்று மத்தியானம் உங்கள் தங்கை இலையில் சோறு வைத்தாள். இது எந்த வயல் என்று கேட்டேன். "நீங்களே சொல்லுங்களேன்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு முதல் பிடியை விழுங்கினேன். இன்னும் சொல்லவில்லை.