முந்நூற்று அறுபது மைல்

மாதம் முடிய ஐந்து நாள்தான் இருந்தது. கோவர்த்தனனுக்கு இன்னும் முந்நூற்று அறுபது மைல் தேவைப்பட்டது. லாரியோ புத்தூர் ஷெட்டில் சும்மா நின்றது.

புது டிரைவருக்கு மைல் கணக்கில்தான் கூலி. ஒரே மாதத்தில் ஆயிரத்து ஐந்நூறு மைல் ஓட்டினால் மாதச் சம்பளம் என்பது முதலாளி திருவேங்கடம் போட்ட சட்டம். அது எங்கேயும் எழுதப்படவில்லை. போட்டவரே அதற்குச் சாட்சி. கோவர்த்தனன் அதை நம்பிக் கிடந்ததற்குக் காரணம் வெதுருகுப்பத்து தாட்சாயணி. அவள் அப்பா செங்கல்வராயன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"மாசச் சம்பளக்காரனுக்குத்தான் பொண்ணு. பங்குனி முடியறதுக்குள்ள வேல நிரந்தரம்னு வந்து சொல்லு. இல்லன்னா நகரியில ஒரு வாத்தியார் காத்துக்கினு இருக்காரு."

பங்குனியும் ஒத்துழைக்கவில்லை. அது 1960. ஏப்ரல் முதல் தேதி ஆந்திராவுக்கும் மதராசுக்கும் நடுவே எல்லைக்கோடு நகரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தன் கடை கோட்டுக்கு எந்தப் பக்கம் என்றுதான் ஒரு வியாபாரிக்கும் நிச்சயமில்லை. ஏற்றும்போது ஒரு ராஜ்யம், இறக்கும்போது வேறு ராஜ்யம் என்றால் வரியை யாரிடம் கட்டுவது? நமக்கேன் வம்பு என்று கிழக்கே தடா ஊர் வரைக்கும் எல்லோரும் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

"முதலாளி, லோடு எதுனா இருக்குதா?"

"விஜயபுரத்துல ரங்கையான்னு ஒரு ரெட்டைக் கெணத்துக்காரரு. அவரு கெணத்தாண்ட போயி நில்லு. வேர்க்கடல லோடு வந்தாலும் வரும்."

எச்சில் கையால் காக்கை ஓட்டாத திருவேங்கடம் அன்று டேங்க் நிறைய டீசல் போட்டார். புது ஜாக்கி ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார்.

"பத்திரம்பா. கேடுகெட்ட வண்டி இது. பின்சக்கரத்த ஜாக்கியில தூக்கிச் சுத்தவுட்டாக்கூட மைல் மீட்டர் ஓடுது. அந்த மாதிரி திருட்டு வேலையெல்லாம் நீ பண்ணமாட்ட."

"சேச்சே" என்றான் கோவர்த்தனன். அதுவரை அவனுக்கு அப்படி ஒரு யோசனையே வந்ததில்லை.

விஜயபுரத்தில் லோடு வரவில்லை. யோசனை மட்டும் கூடவே வந்திருந்தது. மதியத்துக்குள் முன்சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலேட்டர் மேல் ஒரு கல்லையும் வைத்தான். லாரி கிணற்றோரம் நின்றபடியே மணிக்கு இருபது மைல் போனது. கோவர்த்தனன் புளியமரத்தடியில் படுத்துக்கொண்டு கல்யாணத்துக்கு யாரை அழைப்பது என்று யோசித்தான்.

"இன்னா தம்பி, வண்டி நிக்குது, சக்கரம் மட்டும் ஊருக்குப் போய்க்கினு இருக்குது?"

ரங்கையா தலைமாட்டில் நின்றார். தோளில் ஒரு நீளமான பெல்ட். அதை ஏன் சுமந்துகொண்டு வந்தார் என்று கேட்கும் நிலையில் கோவர்த்தனன் இல்லை.

"ஐயா, முதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்லப்போறேன்? என் ஆயில் இன்ஜின் படுத்துக்கிச்சு, கடலச் செடி வாடுது. சும்மா சுத்துற சக்கரந்தானே. பம்புல இந்த பெல்ட்ட மாட்டிக்கிறேன்."

வாயை அடைக்க வேறு வழி தெரியவில்லை. மாட்டினார்கள். கிணற்றுத் தண்ணீர் வாய்க்காலில் குதித்தது. ரங்கையாவின் மனைவி கிருஷ்ணம்மா ஒரு சொம்பு கூழும் பச்சை மிளகாயும் கொண்டுவந்து, "துன்னுப்பா, ரொம்பத் தூரம் ஓட்டிக்கினு இருக்க" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் மீட்டரில் மாதக் கணக்கு ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டியது. கோவர்த்தனன் ஆக்சிலேட்டர் கல்லை எடுக்கக் குனிந்தான்.

"இன்னும் மேட்டுக்கொல்லைக்குத் தண்ணி பாயலியே தம்பி" என்றார் ரங்கையா. "நாளைக்குப் புத்தூர் பக்கம் போற வேல இருக்குது. முதலாளியப் பாத்தாலும் பாப்பேன்."

கல் அங்கேயே இருந்தது. மூன்றாம் நாள் முடிவில் மீட்டர் ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு காட்டியபோது கோவர்த்தனன் கணக்குப் போட்டுப் பார்த்தான். லோடு தேடி அலைந்தேன் என்று முந்நூற்று அறுபது மைலுக்குப் பொய் சொல்லலாம். மூன்றே நாளில் ஐந்நூற்று ஐம்பது மைல் என்றால் லோடு தேடிப் பம்பாய்க்கா போனாய் என்று கேட்பாரே. இரவெல்லாம் யோசித்து, நாலாம் நாள் காலை ரிவர்ஸ் கியரைப் போட்டான். மீட்டர் சமர்த்தாகப் பின்னால் நடந்தது. பம்பும் பின்னால் சுற்றியதால் தண்ணீர் நின்றது.

ரங்கையா கோபிக்கவே இல்லை. பெல்ட்டைக் கழற்றினார், நடுவில் ஒரு முறுக்குக் கொடுத்து எட்டு மாதிரி குறுக்காக மாட்டினார். பம்பு மறுபடி நேராகச் சுற்றியது.

"நீ எந்தப் பக்கம் போனாலும் எனக்குத் தண்ணி வந்துடும்" என்றார்.

என்ன மூளை இந்த மனுஷருக்கு என்று கோவர்த்தனன் மனதாரப் பாராட்டினான். இரண்டு நாள் பின்னாலேயே ஓட்டி, கடைசித் தேதி சாயங்காலம் மீட்டர் ஆயிரத்து ஐந்நூற்றுப் பத்துக்கு வந்ததும் ஜாக்கியை இறக்கிப் புத்தூருக்குப் பறந்தான்.

ஷெட்டில் செங்கல்வராயன் வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். முடிவை நேரில் கேட்க வந்திருந்தார். திருவேங்கடம் மீட்டரைப் பார்த்தார், முகம் மலர்ந்தார்.

"கெட்டிக்காரன்பா நீ. நாளையிலேர்ந்து மாசச் சம்பளம். ஒரே ஒரு வழக்கம் இருக்குது." சுவரில் மாட்டியிருந்த ஏழுமலையான் படத்தின் முன் ஒரு கற்பூரத்தைக் கொளுத்தினார். "மைலெல்லாம் ரோட்டுல ஓடினதுதான்னு சொல்லி இத கையால அணைச்சிடு."

கோவர்த்தனன் கையை நீட்டினான். கை கற்பூரம் வரைக்கும் போனது, வாய்தான் திறக்கவில்லை. திருப்பதி மலை கண்ணுக்குத் தெரிகிற ஊரில் பிறந்துவிட்டு அந்தப் படத்துக்கு முன்னால் எப்படிப் பொய் சொல்வது? தாட்சாயணியை நினைத்துப் பார்த்தான். அழுகை வந்தது. அழுதுகொண்டே ஜாக்கி, கல், பெல்ட், ரிவர்ஸ் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

திருவேங்கடம் தலையில் அடித்துக்கொண்டார்.

"உன்ன நம்பி டேங்க் நெறயப் போட்டேனே. போவட்டும், ஒத்துக்கினதால வேலயவுட்டுத் தூக்கல. ஓடாத மைலுக்குக் கூலி கெடையாது. மாசச் சம்பளத்த அடுத்த வருசம் பாக்கலாம்."

செங்கல்வராயன் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகரி பஸ்ஸைப் பிடிக்கப் போனார். கோவர்த்தனன் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை.

அப்போது கிருஷ்ணம்மா ஒரு கூடைப் பச்சை வேர்க்கடலையோடு உள்ளே வந்தாள். திருவேங்கடம் இருமினார். மறுபடி இன்னும் பலமாக இருமினார். அவள் கூடையை இறக்கிவைத்து, கோவர்த்தனனைப் பார்த்துச் சிரித்துவிட்டு முதலாளியிடம் சொன்னாள்:

"பம்பு வாடகைய எங்க வீட்டுக்காரரு நாளைக்குக் கொண்டாறாராம். இந்த வருசம் நீங்க அனுப்பின தம்பி எவ்வளவோ தேவல. போன வருசத்து டிரைவரு மீட்டர் ஏறிப்போச்சுன்னு பயந்து நிறுத்திட்டாரு, ரிவர்ஸ் போடணும்னே தோணாம ரெண்டு ஏக்கரா காஞ்சே போச்சு."