மதகு திறக்கும் பெயர்

பாகூர் ஏரியில் தண்ணீர் இருப்பது வேறு, அது சுப்புராயனின் கழனிக்கு வருவது வேறு. நடுவில் மதகு இருந்தது. மதகின் சாவி பிரெஞ்சு சர்க்காரிடம் இருந்தது. அந்தச் சர்க்காரின் சார்பில் புதிதாக வந்திறங்கிய துரைக்கு ஒரு மனைவி. பெயர் எர்மங்கார்த். பிரான்சிலேயே நாலு பேருக்கு இருந்தால் அதிகம் என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரம் சுப்புராயனுக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தது. குலதெய்வத்தின் பெயரை வைப்பதாக இருந்தவன், வெடிப்பு விட்ட நிலத்தை ஒருதரம் பார்த்தான். நேரே சர்க்காரின் கொம்யூன் கச்சேரிக்குப் போய் எர்மங்கார்த் என்று பதிந்துவிட்டான். துரைக்கு உள்ளம் குளிர்ந்தது. அந்தப் போகம் முழுக்க முதல் தண்ணீர் சுப்புராயனுக்குத்தான்.

ஊர் சும்மா இருக்குமா? அடுத்த நடவுக்குள் பாகூரில் பிறந்த பெண்ணெல்லாம் எர்மங்கார்த். ஏற்கெனவே பிறந்து, பெயரோடு நன்றாக இருந்தவர்களுக்கும் அதே கதி. ஒருத்தி வாசலில் நின்று மகளைச் சாப்பிடக் கூப்பிட்டால் தெருவே சாப்பிட வந்தது.

எல்லார் வீட்டிலும் அதே பெயர் என்றால் முதல் தண்ணீர் யாருக்கு? இதை ஆழ்ந்து ஆலோசித்த சர்க்கார், குடியரசின் மாண்பைக் கருதி ஓர் ஆணை பிறப்பித்தது. பெயர் வைத்தால் மட்டும் போதாது. கச்சேரிக்கு வந்து அதைப் பிழையறச் சொல்லிக் காட்டுபவருக்கே மதகு திறக்கப்படும். விதிவிலக்கு எவருக்கும் கிடையாது. குமாஸ்தா குழந்தைவேல் பரீட்சை அதிகாரி ஆனார். துரைசானி வாய் திறந்து பேசி அவர் கேட்டதே இல்லை. அதை யாரும் ஒரு குறையாக எண்ணவில்லை.

"சொல்லுபா."

"எர்மங்கார்து."

"ரகாரம் நாக்குலயே நிக்குது. தொண்டைக்கு எறக்கு."

சுப்புராயன் இறக்கினான். இருமல் வந்தது.

"கொஞ்சம் கிட்ட வந்துட்ட. அடுத்த வாரம் வா."

"அதுக்குள்ள பயிரு கருகிடும் முசே."

"ஒன் பயிருக்காக பிரெஞ்சு பாஷைய வளைக்க முடியுமா?"

நியாயமான கேள்விதான். அன்றுமுதல் விடியற்காலையில் ஆண்பிள்ளைகள் ஏரிக்கரையில் வரிசையாக நின்று தொண்டையைக் கரகரத்தார்கள். கொக்குகள் வேறு ஊர் பார்த்துப் போய்விட்டன.

"வூட்ல அரிசி இல்ல. நீ இன்னாய்யா காறிக்கினு கெடக்குற?" என்றாள் பெண்டாட்டி தையலம்மாள்.

"சும்மா இருடி, ரகாரம் கலையுது" என்றான் சுப்புராயன்.

மதகுத் தண்ணீர் இல்லாமல் துரை பங்களா ரோஜாச்செடிகளும் வாடின. தான் கையெழுத்துப் போட்ட ஆணையைத் துரையாலேயே மீற முடியவில்லை. ஆகவே ஒருநாள் துரைசானியே வந்து வரிசையில் நின்றாள். குழந்தைவேல் கும்பிட்டு, நாற்காலி போட்டு, பெயரைக் கேட்டார். அவள் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"மன்னிக்கணும் மதாம். தொண்ட போதல. அடுத்த வாரம் வாங்க."

விவகாரம் துரையிடம் போயிற்று. குடியரசின் முத்திரை விழுந்த ஆணைப்படி நடந்த பரீட்சை தப்பாக இருக்க முடியாது. எனவே மனைவிதான் தப்பு என்று அவர் தீர்ப்புச் சொன்னார். வரிசையில் நின்றவர்களுக்கு ஒரே சந்தோஷம். துரைசானிக்கே வராத பெயர் நமக்கு அவ்வளவு சுலபமாக வந்துவிட்டால் அதற்கு என்ன மரியாதை?

யாரும் தேறவில்லை, மதகும் திறக்கவில்லை. பயிர் கருகிய பிறகு மழை கொட்டியது. ஏரி நிரம்பி, கலங்கல் வழிந்து, எல்லை தாண்டி இங்கிலீஷ்காரன் நிலத்துக்குப் போயிற்று. அங்கே பெண்பிள்ளைகளுக்கு வள்ளியம்மாள் என்று பெயர். நெல் இடுப்புயரம் நின்றது.

அந்த வாரம்தான் சுப்புராயன் தேறினான். பட்டினியில் காய்ந்த தொண்டைக்கு ரகாரம் தானாக வந்தது. குழந்தைவேல் எழுந்து நின்று கைகுலுக்கினார். கையோடு அவனைத் துணைப் பரீட்சை அதிகாரியாகவும் நியமித்தார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு சுப்புராயன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

முதல் ஆளாக வந்தவன் பக்கத்துக் கழனிக்காரன் இருசப்பன். சுப்புராயனுக்கு மாமன் முறை. பெயரைச் சொன்னான். சுப்புராயன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"தொண்ட இன்னும் காயல மாமா. காய்ஞ்சப்புறம் வா."